ஜாடிக்கேற்ற மூடி: செட்டிநாட்டில் ஓர் ஒற்றை அறைக் கலைக்கூடத்தின் நிகழ்வு ஆய்வு

இந்தக் கலைக்கூடம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஊர், வீடு, ஆட்கள் எவர் பெயரையும் இங்கே சொல்லவில்லை. கண்காட்சிகளுக்குச் சட்டமும் அடுக்கும் வெளிச்சமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கூடம் திறந்த நாளிலிருந்து அதன் வேலைகளில் கூட இருந்திருக்கிறேன். சிறிய இடத்தில், விளையாட்டான தலைப்புகளோடு காட்சி வைக்க நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்றுதான் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

நடத்துபவர் ஒரு பெண். சென்னையில் விளம்பர வடிவமைப்பில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, வயதான அத்தைக்குத் துணையாக ஊருக்குத் திரும்பியவர். வீடு பழைய நகரத்தார் வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பங்காளிகள் பலருக்கும் உரிமை உள்ள வீடு என்பதால் வளவைத் தொட முடியாது. அத்தையின் பங்குக்கு வந்திருந்த முகப்பு அறை ஒன்றுதான் கைவசம் இருந்தது. கொண்டுவிற்ற (கடல் கடந்து போய்த் தொழில் செய்த) காலத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய அறை அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கதவு.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவானது. இந்த வீடுகளின் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசி, மேலடுக்கில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றியது. கையால் தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கும். ஓர் ஆணி இறங்கினால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்குப் பெயர்ந்து வரும், அதே பதத்தில் பூசித் தர இன்று ஆள் கிடைப்பது அரிது. அதனால் மேலே தேக்குச் சட்டம் ஒன்றை உத்தரத்தோடு கட்டி, படங்களை மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டோம்.

நுழைவுக் கட்டணம் இல்லை. படங்களும் அஞ்சல் அட்டைகளும் விற்றால் மூன்றில் ஒரு பங்கு கூடத்துக்கு, மீதி ஓவியருக்கு. ஐப்பசி கடைசியிலிருந்து மாசி வரை கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள் என்பது தொடக்கத்தில் இருந்த கணிப்பு.

முதல் இரண்டு காட்சிகளில் கவனித்தது

முதல் காட்சியின் தலைப்பு ‘உச்சி வெயில்’. இளம் ஓவியர்கள் சிலர் வரைந்த வெயில் படங்கள், நிழலே இல்லாமல். இரண்டாவது ‘மிதிபடும் ஓவியம்’. உடைந்த ஆத்தங்குடித் தரைக்கற்களை அறை நடுவில் தரையில் பரப்பி, கல் முடிகிற இடத்திலிருந்து அதே பூவும் கொடியும் காகிதத்தில் தொடர்கிற மாதிரி வரைந்து வைத்தோம். ஆத்தங்குடிக் கல்லை வார்ப்பவர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயச் சிமெண்டை ஊற்றி, அதற்கு மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார். பூ கீழ்ப் பக்கத்தில், கண்ணாடியை ஒட்டிப் பிறக்கிறது. வரைந்தவர் அந்த முறையையே பின்பற்றி, கண்ணாடியில் வரைந்து காகிதத்தில் ஒற்றி எடுத்தார். வெளியூர்க்காரர்கள் மண்டி போட்டுப் பார்த்தார்கள். படங்களும் விற்றன.

உள்ளூர்க்காரர்கள் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, திண்ணை வரை வந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே அழைத்தால், “இருக்கட்டும், இன்னொரு நாளைக்கு” என்று எழுந்து போவார்கள். பால் கொண்டுவரும் அம்மா ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: “எங்க வீட்டுத் தரைய நாங்களே வந்து வேடிக்க பாக்கணுமா?”

நடத்துபவருக்கு இது பெரிய வருத்தம். எனக்கும்தான். ஊரின் நடுவில், ஊர்ப் பொருளை வைத்து நடக்கும் கூடத்துக்குள் ஊர்க்காரர் நுழைய மாட்டார் என்றால், விற்பனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கூடம் பாதிதான் நடக்கிறது. விளம்பரம் போதவில்லையோ, நேரம் சரியில்லையோ என்று பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: “சும்மா பாக்குறதுக்கு நம்ம சனம் வராது. குடுக்க வாங்கன்னா வரும்.” மூன்றாவது காட்சி அந்தப் பேச்சிலிருந்து உருவானது.

மூடிகள்

செட்டிநாட்டு வீடுகளின் சாமான் அறைகளில் ஜோடி கலைந்த பொருள்கள் ஏராளம். பர்மாவிலிருந்து வந்த மர்த்தபான் என்னும் மெருகிட்ட ஜாடிகள், அடியில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரை குத்திய எனாமல் தூக்குகள், பித்தளைச் சிமிழ்கள். மூடி ஒரு பக்கம், ஏனம் ஒரு பக்கம். அடுத்த காட்சியில் மூடிகளை மட்டும் வைப்பது, தலைப்பு ‘ஜாடிக்கேற்ற மூடி’ என்று முடிவு செய்தோம்.

ஊரில் வீடு வீடாகக் கேட்டதில் முப்பதுக்கும் மேல் மூடிகள் சேர்ந்தன. ஊறுகாய் ஜாடி மூடி, தூக்குச் சட்டி மூடி, மயில் பிடி வைத்த குங்குமச் சிமிழ் மூடி, வெற்றிலைப் பெட்டி மூடி. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலின் நீல பிளாஸ்டிக் மூடியைக் கொண்டுவந்தான், அதையும் சேர்த்துக்கொண்டோம். மூடிகள் உருளாமல் இருக்க மரத்தட்டுகளில் சலித்த மணலைப் பரப்பி, குமிழ் மேலே தெரிகிற மாதிரி பதித்து வைத்தேன். எனாமலும் பீங்கானும் வெளிச்சத்துக்கு அஞ்சாதவை. காகிதம் அப்படியில்லை, அதனால் படங்கள் இருந்த பக்கம் மட்டும் விளக்கை 50 லக்ஸுக்கு (லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைத்தோம்.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓர் ஓவியர் ஒவ்வொரு மூடிக்கும் கீழே காணாமல் போன பாகத்தைக் கற்பனையாக வரைந்தார். தூக்கு மூடிக்குக் கீழே அடுக்கு மேல் அடுக்காகத் தரை வரை இறங்கும் ஒரு தூக்கு. பழுப்பு நிறப் பெரிய பீங்கான் மூடி ஒன்றுக்குக் கீழே படித்துறையோடு முழு ஊருணி. படங்கள் விற்பனைக்கு, மூடிகள் விற்பனைக்கு இல்லை.

வாசலில் ஒரு தட்டி வைத்தோம்: ‘உங்கள் வீட்டில் மூடி இல்லாத ஜாடி இருக்கிறதா? எடுத்து வாருங்கள், பொருந்துகிறதா பார்ப்போம்.’

சிட்டை

மூடிகளை வாங்கும்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயர் எழுதிக்கொண்டால் போதும் என்றுதான் நடத்துபவர் நினைத்தார். அத்தை ஒப்பவில்லை. கல்யாணத்தில் கொடுக்கும் சாமான்களைக் கரண்டி வரைக்கும் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தில் வளர்ந்தவர் அவர். “மூடிதானேன்னு நெனைக்காத. ஒரு வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டுக்கு வருதுன்னா சிட்டை வேணும்” என்றார்.

எழுதியது இவ்வளவுதான்: எண், பொருள், கொடுத்தவர் பெயர், வீட்டு விலாசம், இருக்கும் கீறல் விரிசல் பற்றி ஒரு வரி, ‘கொடுத்தவரிடமே திருப்பித் தரப்படும்’ என்ற வாசகம், இரண்டு கையெழுத்து. ஒரு நகல் அவர்களுக்கு, ஒரு நகல் கூடத்துக்கு. இதற்கு முந்தைய காட்சிகளில் இப்படி எதுவும் எழுதவில்லை.

விளக்க அட்டைகளில் விளையாட்டு இருந்தது. தூக்கு மூடிக்கு: ‘வேலை: எறும்பை வெளியே நிறுத்தியது. விடுமுறை: இல்லை.’ ஊருணி வரைந்த அந்தப் பழுப்பு மூடிக்கு: ‘ஜாடியோடு கோபம். தனிக்குடித்தனம் வந்து நாற்பது வருஷம்.’ கொடுத்த மூதாட்டி சொன்ன வருஷக் கணக்கை வைத்து, உதவிக்கு இருந்த பெண் எழுதியது. ஒவ்வோர் அட்டையிலும் எந்த வீட்டு மூடி என்பதும் இருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தங்கள் வீட்டின் பெயரைப் பார்ப்பதில் மகிழ்ச்சி இருக்கும் என்ற எண்ணம்.

பொருந்திய மூடி

காட்சி திறந்த சில நாளிலேயே ஒயர் கூடைகளோடு பெண்கள் வரத் தொடங்கினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கூட்டம். கூடையிலிருந்து ஜாடியை எடுத்து, துண்டை விரித்து வைத்து, ஒவ்வொரு மூடியாகப் போட்டுப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டாலும் யாரும் உடனே கிளம்பவில்லை. அந்த ஜாடியில் என்ன போட்டு வைத்தார்கள், யார் கொண்டுவந்தார்கள், எப்போது விரிசல் விட்டது என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். அதுவரை வாசற்படி தாண்டாதவர்கள் மணல் தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பால்காரம்மாவும் ஒரு ஜாடியோடு வந்தார். இந்தக் கூடம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது நடந்துகொண்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெரும்பாலும் எதுவும் பொருந்தாது. அதற்குக் காரணம் சூளையில் இருக்கிறது. மண் சுடும்போது சுருங்கும், கொஞ்சம் கோணும். நல்ல குயவர்கள் மூடியை ஜாடி மேல் வைத்தே சுடுவார்கள், இரண்டும் சேர்ந்து கோணட்டும் என்று. அதனால் இன்னொரு ஜாடியின் மூடி அளவில் சரியாக இருந்தாலும் ஒரு மூலையில் ஆடும்.

ஒரு மாலையில் ஒரு மருமகள் உப்பு ஜாடி கொண்டுவந்தார். இத்தனை வருஷமும் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடி வந்ததாகச் சொன்னார். பழுப்பு மூடியை அதன் மேல் வைத்தபோது ஆடியது. மெதுவாகத் திருப்பினார். கால்வட்டம் திரும்பியதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது, அப்புறம் ஆடவே இல்லை. மூடியின் ஓரத்தில் ஒரு மெருகு வழிந்து பாதியில் நின்றிருந்தது. அதன் மீதி ஜாடியின் தோளில் தொடர்ந்தது. அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள்.

அட்டையில் இருந்த வீட்டின் பெயரைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மூடி கொடுத்தது இளையவர் வீடு, ஜாடி மூத்தவர் வீட்டுடையது. ஒரே வீடாக இருந்து பாகம் பிரிந்தவர்கள். பிரிவினையில் வந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை, வளவில் ஓர் அறை யாருக்கு என்பது பேச்சிலேயே நிற்கிறது. கூடத்தில் இருந்த யாருக்கும் அந்த மூடிக்குப் பின்னால் இந்தக் கதை இருப்பது தெரியாது.

அன்றிரவே மூத்தவரின் மகன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். அது தங்கள் பங்குச் சாமான், மூடியைத் தங்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்றார். அதைவிடக் கடுமையாக அவர் கேட்டது அட்டையைப் பற்றி: “தனிக்குடித்தனம் போனது யாரு, போக வச்சது யாரு? ஊர் பாக்க எழுதி வச்சிருக்கீங்களே?” மறுநாள் காலை இளையவர் வீட்டு மூதாட்டி வந்தார். “என் மாமியா கையால எனக்கு வந்தது. நான் யார்ட்டயும் பிடுங்கல.” அவர் அழுதார். அத்தைதான் உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் பேசப்பட்டன. ஜாடி வைத்திருப்பவரிடம் மூடியைக் கொடுத்துவிடலாம். சமாதானம் ஆகும் வரை இரண்டையும் கூடத்திலேயே வைத்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்கலாம். சிட்டையில் எழுதியபடி, கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

முதல் வழி பார்க்க நியாயமாகத் தோன்றும், மூடி ஜாடியைச் சேர்ந்துவிட்டதே என்று. ஆனால் பாகப்பிரிவினையில் எந்தப் பொருள் யாருக்குப் போனது என்று தீர்மானிக்கும் இடம் கலைக்கூடம் இல்லை. இரண்டாவதில் ஆபத்து இன்னும் அதிகம். ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளை, இன்னொருவர் கேட்டார் என்பதற்காக வைத்துக்கொண்டால், நாளைக்கு இந்த ஊரில் யாரும் ஒரு கரண்டிகூடக் கொடுக்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் போனால் மூடியில் தொடங்கி வளவு அறை வரைக்கும் பேச்சு போகும். அது கூடத்தின் வேலை இல்லை.

நடத்துபவர் காரைக்குடியில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டார். 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த நிலைமைக்கு வழி சொல்கிறது. ஒரு காரியத்துக்காக ஒப்படைக்கப்பட்ட பொருளைத் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை வைத்திருப்பது போலக் கவனமாக வைத்திருக்க வேண்டும் (பிரிவு 151). ஒப்படைத்தவருக்கு அதில் உரிமை இல்லை என்றே பின்னால் தெரிந்தாலும், நல்லெண்ணத்தோடு அவரிடம் திருப்பிக் கொடுத்தவர் பொறுப்பாக மாட்டார் (166). பொருள் தனக்குரியது என்று சொல்லும் மூன்றாம் ஆள் நீதிமன்றத்தை அணுகி, திருப்பிக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லலாம் (167). கூடம் தன் பங்குக்கு யாரையும் மறுக்கவோ ஏற்கவோ தேவையில்லை.

முடிவு: அட்டை அன்றைக்கே எடுக்கப்பட்டது. நடத்துபவர் இரண்டு வீட்டுக்கும் நேரில் போய், அட்டை வாசகத்துக்காக வருத்தம் சொன்னார். மூடி சிட்டையோடு மூதாட்டியிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மூத்தவரின் மகனுக்குச் சிட்டையின் வாசகத்தைப் படித்துக் காட்டி, உரிமையைப் பற்றிக் கூடம் எதுவும் சொல்லவில்லை என்பதையும், அவர் விரும்பினால் சட்டப்படி போகலாம் என்பதையும் மரியாதையோடு சொன்னார். அவர் கோபமாகத்தான் பேசினார். ஆனால் கையெழுத்து வாங்கிய சிட்டை ஒன்று இருப்பது தெரிந்ததும் பேச்சின் தொனி மாறியது. “எழுதி வாங்கினபடி செஞ்சிருக்கீங்க, சரி” என்று முடித்துக்கொண்டார்.

மணல் தட்டில் மூடி இருந்த இடத்தைக் காலியாகவே விட்டோம். ‘கொடுத்தவரிடம் திரும்பியது’ என்று மட்டும் ஓர் அட்டை. ஊருணிப் படம் அதன் மேலேயே தொங்கியது, விற்பனைக்கு இல்லை என்ற குறிப்போடு.

இடையில் வந்த இன்னொரு சிக்கல்

இது சின்னதாகத் தெரியலாம். எனக்கு இதுதான் அதிகக் கவலை கொடுத்தது. காட்சிக்கு வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் அட்டைகளில் இருந்த வீட்டுப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போய், தனியாக வசிக்கும் இரண்டு மூதாட்டிகளைத் தேடிப் போய் விலை பேசியிருக்கிறார். மூடிக்கு இல்லை, உள்ளே இருக்கும் ஜாடிகளுக்கும் தூண்களுக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். விற்பது அவரவர் விருப்பம். ஆனால் ஊர்ப் பொருள் ஊரிலேயே மதிக்கப்பட வேண்டும் என்று வைத்த காட்சி, எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும் பட்டியலாக மாறக் கூடாது. அன்று மாலையே எல்லா அட்டைகளிலும் வீட்டுப் பெயர் நீங்கி எண் மட்டும் வந்தது. சிட்டைப் புத்தகம் பழைய கணக்குப் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. யார் வீட்டுடையது என்று கேட்பவருக்கு, “இந்த ஊருடையது” என்பதே பதில். சாமி விக்கிரகங்களையும் நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாகத் தோன்றும் சிற்பங்களையும் காட்சிக்கு வாங்குவதில்லை என்பதும் அப்போது உறுதியானது. 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடிய பொருள்களைப் பாதுகாக்கும் வசதி இந்த அறைக்கு இல்லை.

பிறகு நடந்தது

காட்சி மாசி முடியும் வரை நீண்டது. சச்சரவுக்குப் பிறகு ஊர்க்காரர் வருவது நின்றுவிடும் என்று பயந்தோம். நிற்கவில்லை. இரண்டு பேர் மூடியைத் திரும்பக் கேட்டார்கள், கேட்ட அன்றே கொடுத்தாயிற்று. மற்றவர்கள் அப்படியே விட்டார்கள், புதிதாகச் சிலர் கொண்டுவந்தும் தந்தார்கள். மூதாட்டிக்கு மூடி திரும்பிப் போனதை ஊரே பார்த்ததுதான் காரணம் என்பது அத்தையின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மூடியும் ஜாடியும் இன்னும் தனித்தனி வீட்டில்தான் இருக்கின்றன. பொருந்திய அன்று எடுத்த படம் ஒன்றை இரு வீட்டுக்கும் அச்சிட்டுக் கொடுக்க நடத்துபவர் விரும்பினார். மூதாட்டி வாங்கிக்கொண்டார், மற்ற வீட்டிலிருந்து பதில் இல்லை. ஜாடி கொண்டுவந்த மருமகள் அடுத்த காட்சியின் வேலைக்குக் கோலமாவு அரைத்துக் கொடுத்தார்.

விற்பனையில் முந்தைய காட்சிகளைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியூர்க்காரர்கள் படங்களை வாங்கினார்கள், உள்ளூர்க்காரர்கள் அஞ்சல் அட்டைகளை வாங்கினார்கள்.

இனி மாறுவது

சிட்டையில் இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. ஒன்று, திருப்பிக் கொடுக்கும் நாள். இன்னொன்று, ‘இது பொதுச் சாமானா, உங்கள் தனிப் பங்கா?’ என்ற கேள்வி. பொதுச் சாமான் என்றால் இன்னொரு பங்காளியின் கையெழுத்தும் வேண்டும். கிடைக்காவிட்டால் பொருளை வாங்குவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அட்டை எழுதுவதில் விளையாட்டு தொடர்கிறது. அது பொருள் செய்த வேலையைப் பற்றி மட்டும் இருக்கும். அந்தப் பொருள் ஏன் தனியாக நிற்கிறது, யாரிடமிருந்து வந்தது என்பதில் கை வைப்பதில்லை. தொங்கவிடும் முன் ஒவ்வோர் அட்டையும் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டப்படுகிறது. இது நேரம் பிடிக்கிற வேலை, ஆனாலும் அந்தச் சமயத்தில் அவர்கள் திருத்திச் சொல்லும் வாசகங்கள் நாங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கின்றன. தூக்கு மூடி கொடுத்தவர் ஒருவர், ‘எறும்பை வெளியே நிறுத்தியது’ என்பதை, ‘எறும்பையும் என்னையும் வெளியே நிறுத்தியது’ என்று மாற்றச் சொன்னார்.

அடுத்த தலைப்பாகப் பேசப்பட்டது பெயர் வெட்டிய பாத்திரங்கள். பித்தளையில் புள்ளி புள்ளியாக வெட்டிய விலாசங்களைப் பெரிதாக்கி வரைவது. ஓவியருக்கு அதில் மிகுந்த ஆசை. பெயரை மறைத்தால் காட்சியே இல்லை, காட்டினால் வீடு தெரிந்துவிடும். அதனால் அதை ஒதுக்கி வைத்து, ஆடியில் ‘அடிப்பிடித்தது’ என்ற தலைப்பில் கருகிய சட்டிகளின் அடிப்பாகங்களை வைப்பதாக முடிவாகியிருக்கிறது. சிட்டை அச்சாகி வந்துவிட்டது.